சுவர் இருந்தது, அதைத்தான் சொன்னேன்

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் உள்ள கத்தோலிக்கக் கோவிலின் படங்களை, அங்கே முன்பு இருந்த சாதிச் சுவரைப் பற்றிய குறிப்போடு நேற்றுப் போட்டிருந்தேன். அதற்குக் கீழே நடந்த சண்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பதிவை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸிலும் வந்துவிட்டார்கள். எடுக்கப் போவதில்லை.

நான் எழுதியது இவ்வளவுதான். திருக்குடும்பக் கோவிலை 1872ல் இரண்டு கூடங்களாகக் கட்டினார்கள். வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரிப் பிரிந்து கிடந்து, பீடத்தில் வந்து சேரும். பூசை வைக்கும் சாமியாரை இரு பக்கத்தாரும் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவில் சுவர். இதில் எந்த வரி பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொன்னாய் என்றுதான் அத்தனை பேரும் கேட்டார்கள்.

"1910ல் சுவரை இடித்ததும் சபைதானே, அதைக் கடைசி வரியில் ஏன் தள்ளினாய்?" என்று ஓர் அண்ணன் கேட்டார். நியாயம். முதலிலேயே எழுதியிருக்கலாம். இடித்தது லேசான காரியமில்லை. வெள்ளாளர் தரப்பில் தங்கள் உரிமை போய்விட்டது என்று வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இடித்த குருக்களை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனால் சுவர் இருந்ததைச் சொல்லாமல் இடித்ததை எப்படிச் சொல்வது?

"மற்ற மதத்தில் இல்லையா?" இருக்கிறது. இது என் வீடு, இங்கே பேசுகிறேன்.

விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த புனித தேவசகாயம் 1745ல் ஞானஸ்நானம் பெற்றது இதே வடக்கன்குளத்தில்தான். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியவர். அவர் காலடி பட்ட ஊரில், நூறு வருடங்களுக்கு மேல் கழித்து அப்படி ஒரு கோவில் எழுந்தது என்பது எனக்கு வலிக்கிறது. 2022ல் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை ரோமாபுரியே விட்டுவிட்டது. அதைப் பழசைக் கிளறுவது என்று யாராவது சொன்னோமா?

அப்புறம், பழசு என்கிறீர்களே. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008ல், சாதியால் வந்த கோவில் தகராறில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் இன்று எங்குமே இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

"உனக்குத் தாழ்வு மனப்பான்மை" என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோவிலில் முன்வரிசை காலியாகக் கிடந்தாலும் ஆச்சி கடைசித் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். "முன்னால வா ஆச்சி" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். "நமக்கு இங்கதான்ட்டி" என்பாள். அந்தக் கோவிலில் சுவரே கிடையாது. நற்கருணை வாங்கவும் எல்லோரும் போய் முடிந்த பிறகுதான் எழுந்திருப்பாள். யாரும் அவளைத் தடுத்து நான் பார்த்ததில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள். சாகும்வரை அவள் ஜெபமாலையைக் கீழே வைத்ததில்லை. அவள் பேத்தி விசுவாசத்தைக் கெடுக்கிறாளாம்.

வடக்கன்குளத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. போங்கள். முழங்கால் போட்டு ஜெபியுங்கள், நானும் ஜெபித்தேன். அந்தச் சுவரையும் தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

நேற்றுப் போட்டதில் கடைசிப் படம் பீடத்துப் பக்கம் நின்று எடுத்தது. அங்கே நின்றால் இரண்டு கூடமும் ஒன்றாகத் தெரியும். ஆச்சி அந்த இடத்தில் நின்றிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.