அது ஏறி நிற்கிற பாறை அல்ல

முந்தாநாளிலிருந்து எங்கு பார்த்தாலும் அந்தக் காணொளிதான். கிரீஸின் நக்ஸோஸ் தீவில், அப்பொலோனாஸ் என்ற ஊரில் மல்லாந்து கிடக்கும் பளிங்குச் சிலையின் மார்பில், செருப்புக் காலோடு ஒருவர் ஏறிக் குதிக்கிறார். "அது ஏறி நிற்கிற பாறை அல்ல" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த பேச்சைப் படித்துவிட்டு இரண்டு இரவாகச் சரியாகத் தூங்கவில்லை.

பத்து மீட்டருக்கு மேல் நீளம், ஏறத்தாழ 80 டன் எடை. சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன் மலையிலேயே செதுக்கத் தொடங்கி, பாதியில் கைவிட்டிருக்கிறார்கள். தாடியை வைத்து அது கிரேக்கர்களின் மதுக் கடவுள் டயோனிசஸ் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அருகிலேயே பாறையில், இன்னொரு கிரேக்கக் கடவுளின் பெயரால், 'அப்பொல்லோவின் புனித நிலத்தின் எல்லை' என்று பழைய கிரேக்க எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை என்பதால் அது வெறும் கல்லாகிவிடாது. ஏறி நிற்கிற பாறை அல்ல அது.

நான் அங்கே போயிருக்கிறேன். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து போனதில் தலைசுற்றலோடுதான் இறங்கினேன். தாடிப் பக்கம் குனிந்து பார்த்தபோது அதெல்லாம் மறந்துபோனது. இரும்பு உளி விழுந்த குழிகள், ஒன்றையொட்டி ஒன்றாக, நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு குழியும் ஒருவன் கையை ஓங்கி இறக்கிய ஓர் அடி. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"மழையிலும் வெயிலிலும் கிடக்கிற கல்தானே" என்கிறார்கள். ஆமாம், மழையில் தேய்கிறதுதான். அதனால்தான் நாமும் சேர்ந்து தேய்க்க வேண்டாம் என்கிறேன். "வேலி இல்லையே" என்கிறார் இன்னொருவர். வேலி போட்டால்தான் மரியாதை வருமா? "இன்று அங்கே யாரும் கும்பிடுவதில்லை" என்பதற்குப் பதில் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

கும்பிட்ட காலத்தில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். இதே நக்ஸோஸ்காரர்கள், இதே தீவின் பளிங்கில், டெலோஸ் தீவில் அப்பொல்லோவுக்குச் சுமார் ஒன்பது மீட்டர் உயரச் சிலை எழுப்பினார்கள். சிலையும் பீடமும் ஒரே கல் என்று அந்தப் பீடமே சொல்வதுபோல் எழுதி வைத்தார்கள். எவ்வளவு பெருமை பாருங்கள்! அப்பொல்லோ பிறந்த மண் என்பதால் டெலோஸில் பிறப்பும் கூடாது, இறப்பும் கூடாது. கி.மு. 426-இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளைக்கூடத் தோண்டி அகற்றினார்கள். அதன்பிறகு கர்ப்பிணிகளையும் சாகக் கிடப்பவர்களையும் எதிரேயிருக்கும் ரெனையா தீவுக்குக் கொண்டுபோனார்கள். அது கொடுமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் இடத்தைப் புனிதம் என்று நினைத்தவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

டெலோஸில் எழுப்பிய அந்தச் சிலை இன்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. மார்பும் இடுப்பும் அங்கேயே திறந்தவெளியில், பாதத்தின் ஒரு துண்டு லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். மனிதர்கள் அறுத்தும் பெயர்த்தும் எடுத்துப் போனதும் அதற்கு ஒரு காரணம். அவர்களும் 'கல்தானே' என்றுதான் நினைத்திருப்பார்கள்.

என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், "உனக்கு ஏன் இவ்வளவு கோபம், அது உன் சாமியா?" என்று எழுதியிருந்தார். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. என் சாமி இல்லை. நான் அந்த உளிக் குழிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், அவ்வளவுதான். நீங்களும் ஒருநாள் அங்கே போனால், ஏறாமல், தாடிப் பக்கம் வந்து குனிந்து பாருங்கள்.