டீச்சரம்மா பேனரில் டீச்சர் எங்கே?

தண்டையார்பேட்டையில் டீச்சரம்மா மறைவுக்கு வைத்த பேனரில் எழுத்துப் பிழை என்று நேற்று நான் போட்ட இரண்டு வரிக்கு, “சாவு வீட்டில் போய் எழுத்துப் பிழை பார்ப்பதா?” என்று இன்பாக்ஸில் கேட்டிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

பத்துக்கு எட்டு அடி பேனர். நடுவில் டீச்சரம்மா. சுற்றிலும் மகன்கள், மருமகன், பேரன்கள், அவரவர் பதவி, சங்கப் பொறுப்பு. கீழே வட்ட வட்டமாகப் பதினேழு முகங்கள். ‘இன்னாரின் தாயாரும் இன்னாரின் பாட்டியுமான’ என்று ஒரு வரி. 1975 முதல் 2009 வரை 34 வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவர் என்பதற்கு ஒரு சொல் இல்லை. அதற்குமேல் ‘ஆள்ந்த இரங்கல்’. ழகரம் போட வேண்டிய இடத்தில் ளகரம். அதுவும் அவருக்கு.

வாழைப்பழம் வாயப்பயம் ஆகிற ஊர் நம்முடையது. வீட்டுப் பேச்சை டீச்சரம்மா ஒருநாளும் திருத்தியதில்லை, வாசிக்கும்போது மட்டும் திருத்துவார். ல சொன்னால் நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் படும். ள சொன்னால் நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கும் அதே மடிப்புதான், ஆனால் தொடக் கூடாது. பிள்ளைகள் தவறுவது இரண்டு இடத்தில்: நாக்கை ஒட்டினால் ள வந்துவிடும், நுனியை மடக்காமல் நடுநாக்கைத் தூக்கினால் ய வந்துவிடும். அதனால் முதலில் ள சொல்லவைத்து, “எங்க இடிக்குது?” என்று கேட்பார். “இப்போ இடிக்காம அங்கேயே நிறுத்து” என்பார். தனியாக ‘ழ’ என்று சொல்லச் சொல்ல மாட்டார். தமிழில் எந்தச் சொல்லும் ழ-வில் தொடங்காது, பிள்ளையின் நாக்குக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆடி மாசம் தெருவெல்லாம் ஊற்றுகிற கூழில்தான் பாடம் ஆரம்பிக்கும். கூழ், தமிழ், அப்புறம்தான் பழம், மழை. ஒரு பிள்ளைக்குத் தினம் இரண்டு நிமிஷம், கையில் ஒரு சின்னக் கண்ணாடி.

1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, ளை, னைக்கெல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி இருந்த பழைய ஐகாரக் குறி போனது. மூன்று வருஷம் பழைய வடிவம் போட்டுப் பழகிய கையைத் தானே திருத்திக்கொண்டு வந்து கரும்பலகையில் நின்றவர். 2003இல் செயல்வழிக் கற்றல் வந்தபோது, அதாவது டீச்சரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சொல்லித்தரும் முறை வந்தபோது, வயது 52. மூட்டு வலியோடு பாயில் உட்கார்ந்தார், நாற்காலி கேட்கவில்லை.

சாவு வீட்டில் யாருக்கும் புத்தி நிலையில் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். யாரோ போட்டோவையும் பெயர்ப் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள், ஃப்ளெக்ஸ் கடையில் பழைய ஃபைலைத் திறந்து பெயர் மாற்றுவார்கள். ஆனால் கடையில் தமிழ் தட்டுகிற பாமினி எழுத்துருவில் ழ-வுக்கு ‘ஓ’ விசை, ள-வுக்கு ‘எஸ்’ விசை. ஒன்று வலது கைப் பக்கம், இன்னொன்று இடது கைப் பக்கம். விரல் தவறி வருகிற பிழை இல்லை இது. அச்சுக்கு முன் வந்த மாதிரியையும் பார்த்திருக்கிறார்கள். பதினேழு பேரின் இனிஷியலும் சரியாக இருக்கிறதே!

“அவங்களுக்குக் குடும்பம்தான் முதல்” என்கிறார் ஒரு அண்ணன். யார் இல்லை என்றது? ஒண்ணாந்தேதி சம்பளத்தை மளிகை, பால், வாடகை, சீட்டு, ஃபீஸ் என்று ஐந்து கவரில் பிரித்து வைத்தவர். இருபது மாசச் சீட்டில் கடைசி நாலு மாசம் வரை ஏலம் கேட்க மாட்டார். முன்னால் எடுத்தால் ஏலக் கழிவிலேயே நிறையப் போய்விடும். அந்தக் கடைசி நாலு மாசத்துக்குள் ஜூன் வந்து விழுகிற மாதிரி பார்த்துத்தான் சீட்டில் சேருவார், ஃபீஸ் கட்ட. ஃபீஸ் போக மிச்சத்தில் சேட்டுக் கடை நகையை மீட்பார். இரண்டு மகன்களின் படிப்பும் மகள் கல்யாணமும் அப்படி வந்தவை. அந்தக் கவருக்குள் இருந்தது டீச்சர் சம்பளம். பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக் கதையில் என்ன மிஞ்சும்?

“சம்பளம் வாங்கித்தானே வேலை பார்த்தாங்க” என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். பேனரில் இருக்கிற மற்ற பதவிகளெல்லாம் சம்பளம் இல்லாதவையா? இதற்குமேல் இதற்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

ஆண் வாத்தியார் போனால் ‘வாத்தியார் மறைந்தார்’ என்று தெரு முனையில் எழுதுகிறோம். அவர் வீடு கடைசி வரைக்கும் வாத்தியார் வீடுதான். டீச்சரம்மாவை மருமகள்கள்கூட அத்தை என்று கூப்பிட்டதில்லை, டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். காய்கறி வண்டிக்காரரும் அப்படித்தான். உயிர் போன மறுநிமிஷமே எப்படி அவர் வெறும் தாயாரும் பாட்டியும் ஆகிப்போனார்? மனசு ஆறவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. புதுப் பேனர் செலவை நாங்கள் நாலு பேர் ஏற்றுக்கொள்கிறோம், வீட்டில் யாரும் தரவேண்டாம். படத்துக்குக் கீழே முதல் வரி ‘ஓய்வுபெற்ற ஆசிரியை, 1975–2009’. தாயார், பாட்டி எல்லாம் அதற்கு அடுத்த வரியில் வரட்டும். அச்சுக்குப் போகும் முன் அவரிடம் ஒண்ணாம் வகுப்பு படித்த யாராவது ஒருவர் மாதிரியை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.