கட்டானா எதையும் வெட்டும்னு சொல்றவங்களுக்கு

நேத்தும் ஒரு ரீல்ஸ் வந்துச்சு. பறந்து வர்ற துப்பாக்கிக் குண்ட கட்டானாங்கற ஜப்பானிய வாள் ரெண்டா பிளக்குது, கீழ கமென்ட் ஃபுல்லா 'உலகத்துலயே பெஸ்ட் வாள் இதுதான்'. ஈயக்குண்டு சாஃப்ட்டுங்க, சமையக்கட்டு கத்திய அசையாம நிக்க வெச்சாலும் அதுல பட்டு பிளக்கும். எனக்கு கட்டானான்னா அவ்ளோ பிடிக்கும், அதனாலயேதான் இந்தக் கதையெல்லாம் கேட்டா தாங்க முடியல.

டோக்கியோ உயெனோல இருக்க நேஷனல் மியூசியத்துல ஒரு வாள் முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். நேரா பார்த்தா பளபளன்னு ஒரு இரும்பு, அவ்ளோதான். முட்டிய மடக்கி குனிஞ்சு, மேல எரியுற லைட்டு அலகுல பட்டு கண்ணுல அடிக்கிற கோணத்துக்கு வந்ததும், கூர் ஓரமா பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு அலை தெரிஞ்சுச்சு. ஹாமோன்னு சொல்வாங்க. கொல்லர் வாள் மேல களிமண் பூசுவாரு, கூர் பக்கம் மெல்லிசா, முதுகுப் பக்கம் தடிமனா. பழுக்கக் காய்ச்சி தண்ணில முக்குனதும் கூர் சட்டுனு ஆறி கெட்டியாயிடும், முதுகு மெதுவா ஆறி சாஃப்ட்டாவே நிக்கும். ரெண்டும் சேர்ற எல்லைதான் அந்த வெள்ளக் கோடு. அலகோட வளைவும் பெரும்பாலும் அந்தத் தண்ணிக்குள்ளதான் பொறக்குது, சில வாள் அங்கயே விரிசல் விட்டு அத்தன நாள் உழைப்பும் போயிடும்.

அப்புறம் 'ஆயிரம் தடவ மடிச்சு அடிச்சது'ன்னு ஒரு பெருமை. பத்து தடவ மடிச்சாலே அடுக்கு ஆயிரத்தத் தாண்டிடும், சாதாரணமா பத்துல இருந்து பதினஞ்சு தடவதான் மடிப்பாங்க. இரும்பு மணல உருக்கி எடுத்த எஃகுல கசடு இருக்கும், கார்பன் ஒரே சீரா இருக்காது, அத சரி பண்ணத்தான் அந்தப் பாடு.

பலம்னா அந்தக் கூர்தான். ரெண்டு கையால பிடிச்சு இழுத்து வெட்டணும், தக்காளிய அமுக்காம கத்திய இழுத்து அரியறோமே அதே கணக்கு, அதுக்கு அந்த வளைவு அப்படி ஒத்துழைக்கும். அலகு சுமார் 70 செ.மீ., எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல, இடுப்புல கூர் மேல பார்த்து செருகியிருக்கறதால உருவுறதும் வெட்டுறதும் ஒரே அசைவுல முடிஞ்சிடும். கவசம் போடாத ஒருத்தர் முன்னாடி, திடீர்னு வர்ற சண்டைல, இதுக்கு ஈடு ரொம்ப கம்மி.

ஆனா அதே கெட்டியான கூர் இரும்புக் கவசத்துல பட்டா தெறிச்சு பல்லு விழும். தப்பான கோணத்துல வெட்டுனா சாஃப்ட்டான முதுகு வளைஞ்சிடும், ஐரோப்பிய வாள் பல ஸ்ப்ரிங் மாதிரி நிமிர்ந்துக்கும், இது வளைஞ்சது வளைஞ்சதுதான். கைக்கு காப்பு அந்தச் சின்ன வட்டத் தகடு மட்டும். பிடியும் அலகும் கழறாம நிக்கிறது ஒரு சின்ன மூங்கில் ஆணியால, அது லூசாச்சுன்னா வாள் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

எல்லாத்தவிட பெரிய பிரச்சன, வாள் எட்டுற தூரம். 16ஆம் நூற்றாண்டுல சீனக் கரையோரம் கொள்ளையடிச்ச கூட்டத்துகிட்ட நீளமான ஜப்பானிய வாள் இருந்துச்சு, சீனாவ அப்போ ஆண்ட மிங் அரசோட படை திணறிப் போச்சு. ச்சீ ஜிகுவாங்ங்கற தளபதி என்ன பண்ணாருன்னா, நீள மூங்கில கிளையெல்லாம் வெட்டாம அப்படியே விட்டு நுனில இரும்பு முனை மாட்டி வீரன் கைல குடுத்துட்டாரு. எதிராளி எவ்ளோ வேகமா வந்தாலும் அந்தக் கிளைக்குள்ள சிக்குவான், பின்னாடி ஈட்டிக்காரங்க குத்திடுவாங்க. அதே ஆளு பின்னாடி தன் படைக்கும் அந்த மாதிரி நீள வாள் குடுத்தாரு, அதயும் சொல்லணும்ல.

ஜப்பான்லயே போர்க்களத்துல முதல்ல வில், அப்புறம் ஈட்டி, 1543ல போர்ச்சுகீசியர் கொண்டு வந்த துப்பாக்கி. 1575 நாகாஷினோ போர்ல அந்தத் துப்பாக்கிதான் பேசுச்சு. சாமுராய்க்கு வாள்ங்கறது, எதிராளி பக்கத்துல வந்துட்டா எடுக்கற ஆயுதம்.

நெசமா சண்ட பார்த்த பழைய வாள் சிலதுல முதுகுல சின்னதா வெட்டுத் தழும்பு இருக்கும், எதிராளி வாள் விழுந்த இடம். அந்த அடி கூர்ல விழுந்திருந்தா உடைஞ்சிருக்கும், சாஃப்ட்டான முதுகு வாங்கிக்கிச்சு. மெருகு போடுறவங்க அலகு முழுக்க கல்லால தேய்ச்சு புதுசாக்குவாங்க, அந்தத் தழும்ப மட்டும் தொட மாட்டாங்க.