இரட்டையாகத் தெரிவதெல்லாம் அச்சுப் பிழை இல்லை

மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளி நாணயத்தில், 1921ஆம் ஆண்டுக் காசில் எழுத்து இரட்டையாகத் தெரிந்தாலே அது அபூர்வமான 'இரட்டை அச்சுப் பிழை', ஆயிரக்கணக்கில் விலை போகும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் காசைக் கொட்டிவிடாதீர்கள்.

இங்கே அச்சு என்பது நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் உலோக முத்திரை. அந்த அச்சையே இன்னொரு மூல முத்திரையான தாய் அச்சிலிருந்து தயாரிக்கும்போது உருவம் இடம் மாறி இரண்டு முறை பதிந்திருந்தால்தான் அது உண்மையான பிழை. அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் அது அதே இடத்தில் இருக்கும். நண்பர் சொல்வது பெரும்பாலும் வேறு: நாணயம் அடிபடும் நொடியில் அச்சு லேசாக அசைந்து, பதிந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. இது மிகச் சாதாரணம், கூடுதல் விலை கிடையாது.

பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். என்னிடம் இருக்கும் 1921 நாணயத்தில் ஆண்டு எண்ணின் பக்கவாட்டில் படிக்கட்டு மாதிரி தட்டையான, பளபளக்கும் விளிம்பு இருக்கிறது, எண்ணும் மெலிந்துவிட்டது. அது நசுங்கல்தான். உண்மையான பிழையில் இரண்டாவது உருவமும் உருண்டு மேடாக நிற்கும், எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும்.

நல்ல உதாரணம் வேண்டுமா? 1878இல் இதே மார்கன் டாலரின் பின்பக்கத்தில் உள்ள கழுகின் வாலில் முதலில் 8 இறகுகள் இருந்தன, அப்புறம் 7 ஆக்கினார்கள். சில அச்சுகளில் பழைய எட்டு இறகு உருவத்தின் மேலேயே ஏழு இறகு உருவத்தைப் பதித்ததால், இறகுகளுக்கு அடியில் பழைய நுனிகள் எட்டிப் பார்க்கும். 1901இல் பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த மார்கன் டாலர் வகை ஒன்றிலும் கழுகின் வால் இரட்டையாகவே இருக்கும்.

அப்புறம், தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நாணயத்தைத் தேய்த்துக் கழுவாதீர்கள். இருக்கிற மதிப்பும் போய்விடும்.