கறிவேப்பிலைச் செடியில ஒரு விடுகதை

ஒரு கட்டுரையில 'காலால ருசி பாக்குறது எது'ன்னு ஒரு விடுகதை கேட்டிருந்தாங்க, சூப்பர், விடை பட்டாம்பூச்சிதான். நானும் ஒண்ணு கேக்குறேன்: சின்னதுல பறவை எச்சம், வளந்தா பச்சை நிறம், சீண்டுனா சிவப்புக் கொம்பு, கூடவே நாத்தம், அது என்ன? நம்ம வீட்டு கறிவேப்பிலைச் செடியில மேயுற காமன் மார்மன்ங்கிற பட்டாம்பூச்சியோட புழுங்க! தயவுசெஞ்சு மருந்தடிச்சுடாதீங்க, நாலு இலை போனா போகட்டும். இதோட பெண் பூச்சி இன்னும் கில்லாடி, சிலது, ஆடுதின்னாப்பாளைச் செடியத் தின்னு விஷமேறுன காமன் ரோஸ்ங்கிற இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரியே றெக்கையில சிவப்புப் புள்ளியோட வேஷம் கட்டிக்கிட்டு வரும், பறவையும் நம்பி விட்டுட்டுப் போயிடும், ஆனா உடம்பைக் கவனிங்க, ரோஸுக்கு உடம்பே சிவப்பா இருக்கும், இதுக்கு கருப்புதான். 2019ல தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியா அறிவிச்சாங்களே, அதை வச்சும் யாராச்சும் ஒரு விடுகதை போடுங்களேன்.