கோமாளி தொங்கிய சிலுவை

2019 ஜனவரியில் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஒரு சிலைக்காக ஊரே கொந்தளித்தது. ஃபின்லாந்துக் கலைஞர் யானி லெய்னோனன் செய்த 'மெக்ஜீசஸ்'. சிலுவையில் இயேசு இல்லை, மெக்டொனால்ட்ஸ் பர்கர் கம்பெனியின் விளம்பரக் கோமாளி ரொனால்டு தொங்குகிறான். அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் மதத்தையும் நுகர்வையும் பற்றிய கண்காட்சியில் அதை வைத்திருந்தார்கள்.

அரபுக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். கல்வீச்சில் போலீசாருக்குக் காயம், அருங்காட்சியகத்தின் மேல் பெட்ரோல் குண்டு. அந்த வன்முறையை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். கடைசியில் சிலையை அகற்றினார்கள். இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கத்தை ஆதரிக்கும் லெய்னோனனும் அது அங்கே இருப்பதை விரும்பவில்லை.

படத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். கலைஞர் கேட்கும் கேள்வி நியாயமானது. ஆலயத்துக்குள் காசு மாற்றும் வியாபாரிகளின் பலகைகளைக் கவிழ்த்த இயேசுவைக் கும்பிடுகிறவர்கள் நாம். வியாபாரம் சாமி இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் நமக்கு ஏன் வலிக்க வேண்டும்?

ஆனாலும் அந்தச் சிலை எனக்கு ஒட்டவில்லை. காரணம், அடி விழுந்த இடம். பர்கர் கம்பெனிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. புண்பட்டது, அந்த நாட்டில் சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழும் மக்கள். அவர்களுக்குச் சிலுவை வெறும் குறியீடு இல்லை; செத்தவர் கல்லறைமேல் நிற்பது அது.

பிரிட்டனின் தெருச்சுவர் ஓவியர் பேங்க்ஸி 2004இல் செய்த அச்சுப்படம் ஒன்று இருக்கிறது. அதில் இயேசு அப்படியே இருக்கிறார், சிலுவைதான் இல்லை. விரிந்த இரண்டு கைகளிலும் பரிசுப்பொருள்கள் பிதுங்கும் கடைப் பைகள். அந்தப் பாரமே அவரை அறைந்து வைத்திருப்பதுபோல இருக்கும். தலை குனிந்த அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரவில்லை, வெட்கம்தான் வந்தது. லெய்னோனன் ஆண்டவரை எடுத்துவிட்டுக் கேள்வி கேட்டார். பேங்க்ஸி அவரை அங்கேயே வைத்துவிட்டு என்னைக் கேட்கிறார். விசுவாசிகளைத் தொடும் விமர்சனம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

போன டிசம்பரில் துணிக்கடைக்கு மூன்று தடவை போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறு ஆராதனைகளில் ஒன்றுக்குத்தான் போனேன், அதுவும் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். தையல்காரர் கடை மதியம் மூடிவிடுவார் என்று.