ட்ரெட்வேர் எண்ணை மட்டும் நம்ப முடியாது
ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்ட அதன் மேல் போடப்படும் எண்) குறைந்த டயர்தான் ரேஸ் ட்ராக்குக்குச் சிறந்தது என்று ட்ராக் டயர்கள் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தன் டயரைத் தானே சோதித்துப் போட்டுக்கொள்கிறது, அதனால் ஒருவரின் 200-ஐ இன்னொருவரின் 200-ஓடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை; தவிர அது தேய்மானத்துக்கான எண், பிடிமானத்துக்கு அல்ல. முன்சக்கர இழுவை ஹாட் ஹேட்ச்சில் (வேகமான சிறிய ஹேட்ச்பேக் காரில்) திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பகுதி எல்லாமே முன் டயர்களின் தலையில்தான் விழுகிறது, கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் அளவு) குறைவு என்பதால் வெளி விளிம்புதான் முதலில் போகும். என் காரில் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே வெளித்தோள் வழுக்கையாகிவிட்டது. ஆகவே நான் பார்ப்பது பக்கச்சுவரின் விறைப்பும், சூடேறிய பிறகு ரப்பர் எத்தனை சுற்று தாங்குகிறது என்பதும்தான். மேலே கருத்திட்ட ஒருவர் செமி ஸ்லிக்கையே (பள்ளங்கள் மிகக் குறைந்த ட்ராக் டயரையே) தினமும் ஓட்டலாம் என்கிறார். காய்ந்த சாலையில் சரி, ஆனால் தேங்கிய தண்ணீரில் அது சீக்கிரமே மிதக்கும், குளிரிலும் பிடி வராது. அப்புறம், ட்ராக்கில் சூட்டால் ஏறிய காற்றழுத்தத்தை இறக்கிவிட்டவர்கள், டயர் ஆறியதும் திரும்ப நிரப்பாமலே நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறார்கள், அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.